இடப்பக்கம் சொன்ன பல்லி

நல்லுசாமியின் காரில் நடுவே தொங்கும் கண்ணாடி ரோட்டைப் பார்க்காது. பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் வாயைப் பார்க்கும்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாடகைக்கு நிற்கும் கார்களில் அவருடையது பழைய வெள்ளைக் கார். பின்னால் வரும் லாரிகளைப் பார்க்கப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் அவருக்குப் போதும். நடுக்கண்ணாடியை மட்டும், ஆள் ஏறி உட்கார்ந்ததும், லேசாகச் சாய்த்துக்கொள்வார். அதனால் அவருக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. ஒருமுறை ஜெயங்கொண்டம் போகும் வழியில் ஒரு பெண் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். "வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய் நின்றாள். நல்லுசாமி தலைகுனிந்து ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அவளே வருத்தப்பட்டிருப்பாள். அவர் சொல்லவில்லை. பெண்களை முறைத்துப் பார்க்கிறவன் என்ற பெயரைக்கூடத் தாங்கிக்கொண்டார், அந்த உண்மையை மட்டும் வெளியே விடவில்லை.

அவருக்குக் காது கேட்காது.

முழுச் செவிடு என்று சொல்லிவிட முடியாது. லாரி ஹாரன் கேட்கும். இடி கேட்கும். பக்கத்தில் யாராவது பேசினால் ஒரு குரல் வருகிறது என்பது மட்டும் தெரியும். என்ன சொன்னார்கள் என்பதை வாயசைவைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார். மெல்லிய சத்தங்கள் எல்லாம் எப்போதோ அவரை விட்டுப் போய்விட்டன. கொலுசு போயிற்று. சைக்கிள் மணி போயிற்று. இளம் வயதில் சுண்ணாம்புக்கல் குழிகளில் பாறைக்குத் துளை போடும் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அந்த மிஷின் கல்லை மட்டும் துளைக்கவில்லை.

செல்போனை வைப்ரேட்டில் போட்டு, சட்டைப் பைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பார். கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டுத் திரிந்த மாதங்களில்தான் தன் நிலைமை அவருக்கே முழுதாகப் புரிந்தது. "எங்கங்க போகணும்?" என்று ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்டு நின்றார். யாராவது கண்டுபிடித்தால் அவர் காரில் யார் ஏறுவார்கள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மனைவி வளர்மதிக்குத் தெரிந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள். "டிரைவர் நல்லுசாமி" என்று ஊர் கூப்பிடுகிறதே, அதில் பாதி போய்விட்டால் மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல்லி விஷயம் சித்திரையில் ஆரம்பித்தது.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வலது பக்கம் ஒடித்துத் திருப்பியபோது, முன் சீட்டில் இருந்த பெரியவர் அவரைத் தொட்டார். "என்னங்க, வண்டிக்குள்ள பல்லி இருக்கு போலிருக்கே. டச் டச்னு சொல்லுது."

"ஆமாங்க" என்று சிரித்து வைத்தார் நல்லுசாமி. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் கார் நிற்கும். அங்கே பல்லிக்குப் பஞ்சமில்லை. ஒன்று உள்ளே புகுந்திருக்கும் என்று அவரும் நம்பினார். பிறகு ஏறியவர்களில் பலரும் அதைச் சொன்னார்கள். ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர்கள் விட்டுவைப்பார்களா? "என்னண்ணே, பல்லிக்கும் சேத்துதான் வாடகையா? இல்ல அது பாஸ்ல வருதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்காதவள் வளர்மதி ஒருத்திதான். பல்லி சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவள் அவள். சத்தம் கேட்டதும் சுவரோ தரையோ, கைக்கு எட்டிய இடத்தில் விரலால் மூன்று தட்டு தட்டுவாள். பெண்ணுக்கு இடப்பக்கம் சொன்னால் காரியம் நல்லபடி முடியும், வலப்பக்கம் சொன்னால் அதைக் கைவிட்டுவிட வேண்டும் என்பது அவள் அம்மா வீட்டுக் கணக்கு. வீட்டில் பல்லி சொல்வது நல்லுசாமிக்குக் கேட்டதே இல்லை. அவள் விரல் தட்டுவதைப் பார்த்துத்தான் "நல்லது, நல்லது" என்பார். அந்த விரல்தான் அவருக்குக் காது.

இப்படி ஒரு பொய்யின் மேல் குடித்தனம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அம்பிகாவின் கல்யாணப் பேச்சு வந்தது.

அம்பிகா அவர்களுடைய ஒரே மகள். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பூவரசனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நல்ல பையன். ஒரே ஒரு குறை. அவனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, வந்த வருஷமே அந்தப் பெண் காய்ச்சலில் போய்விட்டாள்.

"ஒருத்தி உசிரு போன வூட்டுல எம் பொண்ணு போய் வெளக்கேத்தணுமா?" என்றாள் வளர்மதி. "நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

அம்பிகா அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சரிம்மா. அப்ப எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு லீவுக்கு வந்தால் ஒரு விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அந்த மௌனம் நல்லுசாமிக்கு நன்றாகவே கேட்டது.

பூவரசனை அவருக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துப் பேசியபோது, அவன் அவர் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினான். ஒரு சொல்லைக்கூட அவர் தவறவிடவில்லை. அப்படிப் பேசுகிறவன் தன் மகளையும் முகம் பார்த்துத்தான் பேசுவான் என்று அவருக்குத் தோன்றியது.

கெஞ்சிக் கூத்தாடி, "வீட்டை மட்டும் வந்து பாரு, பிடிக்கலன்னா திரும்பிடலாம்" என்று வளர்மதியைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போனார். துறைமங்கலத்தில் பூவரசன் வீட்டுத் தெரு குறுகல். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தால்தான் கார் உள்ளே நுழையும். ஒடித்தார். கார் மெதுவாகத் திரும்பியது.

வளர்மதியின் விரல் டேஷ்போர்டில் மூன்று முறை தட்டியது.

"என்னங்க. என் பக்கந்தானே சொல்லிச்சு?"

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் இருந்த இறுக்கம் முதன்முறையாக இளகுவதைப் பார்த்தார்.

"ஆமா. உன் பக்கந்தான்."

"நல்லாக் கேட்டீங்களா?"

"நல்லாக் கேட்டேன்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட நினைத்து வந்தவள், வீட்டுக்குள் போனாள். சுவரில் மாலையோடு இருந்த அந்தப் பெண்ணின் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பூவரசனின் தாய் காத்தாயியைப் பார்த்து, "சரிங்க, பண்ணிக்கலாம்" என்றாள். அடுத்த மாதம் கை நனைக்க வருவதாகவும் சொன்னாள். சம்பந்தம் முடிவான பிறகுதான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுவார்கள். அதைத்தான் கை நனைப்பது என்பார்கள்.

திரும்பும் வழியெல்லாம் நல்லுசாமி சந்தோஷமாக இருந்தார். மகளின் வாழ்க்கை தன்னுடைய "நல்லாக் கேட்டேன்" என்ற இரண்டே வார்த்தையின் மேல் நிற்கிறது என்பதை அவர் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

காது விட்டுவிட்டதை ஒருநாள் அவர் கால் பிடித்துக்கொண்டது.

நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறும்போது, ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வண்டியின் முன்பக்கம் உதறியது. காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால், உள்ளங்காலில் "தொம்" என்று ஓர் அதிர்வு வந்து இடித்தது. அடுத்த நாள் காரைக் கழுவும்போது முன்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக ஏதோ சிதறி ஒட்டியிருந்தது. போன வாரமும் பார்த்ததுதான். ரோட்டில் புதிதாகப் போட்ட தார் என்று விட்டுவிட்டார். இப்போது விரலால் வழித்துப் பார்த்தார். தார் இல்லை, கிரீஸ். விரல்களுக்கு நடுவே நறநறவென்று மண்.

நேராகப் பெரம்பலூருக்கு, நைனா முகமதுவின் பட்டறைக்குப் போனார். லெப்பைக்குடிகாட்டுக்காரர், துபாயில் கார் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். காரைத் தூக்கி நிறுத்தி, கீழே படுத்துப் பார்த்துவிட்டுக் கறுத்த விரல்களோடு எழுந்தார்.

"ஆக்சில் ஜாயின்ட்டு போச்சுண்ணே. எஞ்ஜின் சுத்தறத சக்கரத்துக்குக் கொண்டுபோறது ஆக்சில். சக்கரம் திரும்பி நின்னாலும் சுத்தணும்ல, அதுக்காக முனையில ஒரு மூட்டு. நம்ம முழங்கால் மாதிரி. அதுக்கு மேல கிரீஸ வச்சு ரப்பர் உறை மாட்டியிருக்கும். உறை கிழிஞ்சிருக்கு. கிரீஸ் வெளிய தெறிச்சிருச்சு. உங்கூரு சுண்ணாம்புத் தூளு உள்ள பூந்து மூட்ட அரைச்சிருச்சு."

நல்லுசாமி தலையாட்டினார். அதே சுண்ணாம்புக் கல், தன் காதைத் தின்றது போதாமல் காரையும் தின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"சத்தம் வந்திருக்கணுமே" என்றார் நைனா முகமது. "ஒடிச்சுத் திருப்பும்போது?"

"வந்துச்சு, வந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான்... ரெண்டு நாளா."

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "இவ்ளோ தேஞ்சது ரெண்டு நாள்ல தேயாதுண்ணே. மாசக்கணக்கா கத்தியிருக்கும். வாங்க, ஒரு சுத்து சுத்திப் பாப்போம்."

பட்டறைக்குப் பின்னால் காலி மைதானம். நைனா முகமது பக்கத்தில் ஏறிக்கொண்டு, வலது பக்கம் முழுசாக ஒடித்து வட்டமடிக்கச் சொன்னார்.

"கேக்குதா?"

"கேக்குது."

"இப்ப இடது பக்கம் ஒடிங்க. மெதுவா. ம். இப்பவும் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது பாய்."

நைனா முகமது எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் குலுங்கி நின்றது. வேண்டுமென்றே முகத்தை அவர் பக்கம் முழுசாகத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"இப்ப சத்தமே இல்லண்ணே."

நல்லுசாமியின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"போனது இடது சக்கரத்து ஜாயின்ட்டு. வலது பக்கம் திருப்பினாத்தான் பாரம் அதுமேல ஏறும். அப்பத்தான் அது சொல்லும். டச் டச் டச்னு, பல்லி மாதிரி."

அந்த உதடுகளில் 'பல்லி' என்ற சொல்லைப் பார்த்ததும் நல்லுசாமியின் கண் மெக்கானிக்கின் காலடிக்குப் போனது. வலது பக்கம் ஒடித்த கார். இடது பக்கத்திலிருந்து வந்த சத்தம். வளர்மதியின் காலடியில். துறைமங்கலத்துத் தெருமுனையில் பேசியது பல்லியில்லை. தேய்ந்துபோன ஓர் இரும்பு மூட்டுதான் அவர் மகளுக்குக் கல்யாணம் முடித்து வைத்திருக்கிறது.

பிறகு நல்லுசாமி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, யாசிப்பது போல ஒன்று கேட்டார்.

"பாய், வர ஞாயித்துக்கெழம கை நனைக்கப் போறோம். அது வரைக்கும் இந்த ஜாயின்ட் இருக்கட்டுமே. அன்னைக்கு ஒரு தடவ அது சொல்லிட்டா போதும். மறுநாள் கொண்டாந்து விட்டுடுறேன்."

"வண்டியில யாரு வராங்க?"

"வளர்மதி."

நைனா முகமது கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஓடுனாலும் ஓடும். நடுரோட்டுல விட்டாலும் விடும். விட்டுச்சுன்னா எஞ்ஜின் உறுமும், சக்கரம் நவுறாது. பின்னால கல்லு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டு வரும். எவ்ளோ தூரத்துல வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. அல்லா காப்பாத்தணும். வண்டி உங்களது, நீங்க சொல்லுங்க. என்ன செய்யட்டும்?"

நல்லுசாமி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வளர்மதியின் விரல் தெரிந்தது.

"மாத்திடுங்க" என்றார்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊருக்கு வந்தார். அன்றே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். வீட்டில் அம்பிகா லீவில் வந்திருந்தாள். அம்மாவும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்பிகா ஏதோ சொல்ல, வளர்மதி அவள் தோளில் அடித்துச் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இப்படி ஒரு காட்சி. நல்லுசாமி வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

உறவுக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பழத்தட்டும் பூவும் பின் சீட்டில் இருந்தன. முன் சீட்டில் வளர்மதி, பட்டுப் புடவையில். புது ஜாயின்ட் போட்ட கார் அலுங்காமல் ஓடியது. பாலத்தில் உதறவில்லை. உள்ளங்காலில் எந்த அதிர்வும் இல்லை. கார் அவ்வளவு நன்றாக ஓடியதே அன்று அவருக்குத் தண்டனையாக இருந்தது.

துறைமங்கலத்துத் தெருமுனை. வளர்மதியின் விரல் டேஷ்போர்டுக்கு மேலே தயாராக நின்றது. நல்லுசாமி வலது பக்கம் முழுசாக ஒடித்தார். கார் திரும்பி, தெருவுக்குள் நுழைந்து, நேராகியும் விட்டது.

விரல் தட்டவில்லை.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். நாலு வீடு தள்ளி, ஆரத்தித் தட்டோடு காத்தாயி நின்றிருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் பூவரசன். வேனில் வந்தவர்கள் எல்லாம் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளர்மதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ பேசினாள். நல்லுசாமிக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கொண்டையும் அதில் இருந்த மல்லிகையும்தான். தோள் குலுங்கியதால், அழுதுகொண்டே பேசுகிறாள் என்று புரிந்தது.

"வளரு" என்றார். "முகத்த இந்தப் பக்கம் திருப்பு. அப்பத்தான் நீ பேசுறது எனக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள். "என்ன சொல்றீங்க?"

"எனக்குக் காது கேக்காது வளரு. ரொம்ப வருஷமா. நீ பேசுறத நான் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்."

அவள் உதடுகள் அசையவில்லை.

"அன்னைக்குச் சொன்னது பல்லி இல்ல. ஆக்சில்ல ஒரு மூட்டு தேஞ்சு போயிருந்துச்சு. திருப்பும்போது அதுதான் சத்தம் போட்டிருக்கு. மாத்தியாச்சு. இனிமே சொல்லாது."

"என் பக்கம் சொல்லிச்சுன்னு சொன்னீங்களே."

"நீ தட்டினதப் பாத்துச் சொன்னேன்."

"நல்லாக் கேட்டேன்னீங்க."

"பொய்யி."

வளர்மதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் அப்படியே நின்றது. பல்லியைப் பற்றி அவள் மேலே கேட்கவில்லை. கேட்டது வேறு.

"அடுப்படியிலேர்ந்து கூப்பிடுவேனே. நாலு தடவ, அஞ்சு தடவ. காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு வாய் சுடுதண்ணி குடுங்கன்னு கத்தினேன். நீங்க வாசல்ல உக்காந்து வண்டியத் தொடச்சுக்கிட்டிருந்தீங்க. நான் செத்தா இவருக்கு ஒண்ணுமில்லன்னு அன்னைக்கு நெனச்சேன். இத்தன வருஷமும் அப்படியே நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." குரல் உடைந்ததை அவர் கேட்கவில்லை. உதடு கோணியதைப் பார்த்தார். "கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் எழுந்து வந்து உங்களத் தொட்டுக் கூப்பிட்டிருப்பேனே."

சாவியைப் பிடுங்கிக்கொள்வாளே என்று பயந்து மறைத்த மனிதர், அதற்காக எதைக் கொடுத்திருக்கிறோம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

"உனக்கு இஷ்டமில்லன்னா வண்டியத் திருப்பிடுறேன்" என்றார். "அம்பிகாகிட்ட நானே சொல்றேன். தப்பு என்னோடது."

வளர்மதி தெருவைப் பார்த்தாள். ஆரத்தித் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, காத்தாயி இன்னும் வெயிலில் நின்றிருந்தாள்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு படத்துக்கு முன்னாடி நின்னேன்ல" என்று, முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "படத்துல தூசி இல்ல. மாலை புதுசா இருந்துச்சு. செத்தவளையே இப்படி வச்சிருக்காங்களேன்னு தோணுச்சு. அதப் பாத்துட்டுத்தான் சரின்னேன். பல்லி சொன்னது தெருவுக்குள்ள கூட்டிட்டுப் போச்சு. அவ்வளவுதான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, காரின் சாவியைத் திருகி எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது இனிமே எங்கிட்ட இருக்கும். காதைக் காட்டி, டாக்டர் ஓட்டலாம்னு சொல்ற வரைக்கும் நீங்க தொடக் கூடாது. இறங்குங்க. அந்த அம்மா எவ்வளவு நேரம் நிக்கும்?"

பழத்தட்டை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு அந்த நாலு வீட்டுத் தூரத்தை நடந்தே போனார்கள். அன்று நல்லுசாமி கை நனைத்த சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

வளர்மதி விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுக்க, திரும்பும்போது காரைப் பூவரசன் ஓட்டினான். நல்லுசாமி பின் சீட்டில், வாழ்நாளில் முதல்முறையாகத் தன் காரிலேயே பயணியாக உட்கார்ந்திருந்தார். பூவரசன் ஏறியதும் நடுக்கண்ணாடியை ரோட்டுக்கு நிமிர்த்தி வைத்தான். வழியில் டீக்கடைப் பக்கம் ஓரங்கட்டி நிறுத்தியபோது, அதைக் கீழே சாய்த்து, தன் வாய் அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, உங்களுக்கு டீயா, காபியா?"

கண்ணாடியைப் பார்த்தபடியே, "டீ" என்றார் நல்லுசாமி.

ஸ்டாண்டில் அவருடைய இடத்தில் இப்போது வேறு கார் நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் காதுக்கு மிஷின் கொடுத்தார்கள். அதை மாட்டினால் பேச்சு கொஞ்சம் தெளிவாகிறது. ஆனால் போன சத்தங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரும்பு மூட்டை மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

அம்பிகாவின் கல்யாணம் கல்லங்குறிச்சிக் கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடிந்து, கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்த பிறகு, நல்லுசாமியும் வளர்மதியும் மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மேளம் நின்றிருந்தது. மகள் தூரத்தில் பூவரசனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

திடீரென்று வளர்மதி நிமிர்ந்தாள். பழக்கத்தில் அவள் விரல் தூணை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பிறகு திரும்பி வந்து, நல்லுசாமியின் புறங்கையில் மெதுவாக மூன்று முறை தட்டியது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பல்லியா?"

"ம்."

"எந்தப் பக்கம்?"

வளர்மதி கையை அவர் கை மேலேயே வைத்துக்கொண்டாள்.

"கவனிக்கல" என்றாள்.